விளக்குப் பட்டறைக்கு இணையதளம்: முன்பணம் கொடுப்பதற்கு முன்

கேள்வி: நாச்சியார்கோயிலில் குத்துவிளக்குப் பட்டறையும் அதன் முகப்பிலேயே ஒரு சிறிய கடையும் நடத்துகிறோம். இணையதளம் அமைத்துத் தர ஒருவர் 35,000 ரூபாய் கேட்கிறார். ஆன்லைன் விற்பனை வசதியும் சேர்த்தால் 60,000 ரூபாயாம். டொமைன், ஹோஸ்டிங் எல்லாவற்றையும் தாமே பார்த்துக்கொள்வதாகச் சொல்கிறார். எதைத் தேர்ந்தெடுப்பது? அவரிடம் என்னென்ன கேட்டு வாங்குவது?

பதில்: எல்லாவற்றையும் அவரே பார்த்துக்கொள்வார் என்பதை மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள். டொமைன் என்பது உங்கள் தளத்தின் முகவரி. அது யாருடைய கணக்கில், யாருடைய மின்னஞ்சலில் பதிவாகிறதோ அவருடைய கையில்தான் இருக்கும். வடிவமைப்பவர் தம் கணக்கில் பதிவு செய்துவிட்டு, பின்னர் வேறு வேலைக்குப் போய் ஆண்டுக் கட்டணத்தைக் கட்டத் தவறினால், உங்கள் பில்லிலும் கடைப் பலகையிலும் அச்சடித்த முகவரியை நாளை வேறொருவர் வாங்கிவிட முடியும். டாட் இன் முகவரிக்கு ஆண்டுக் கட்டணம் பெரும்பாலும் ஓராயிரம் ரூபாயைச் சுற்றியே இருக்கும் என்பதால், அதை உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலைக் கொடுத்து நீங்களே வாங்கிவிடுங்கள். தளத்தின் கோப்புகளை இணையத்தில் வைத்திருக்கும் இடமான ஹோஸ்டிங்கின் கணக்கும் அதேபோல் உங்கள் பெயரிலேயே இருக்கட்டும். வேலை செய்ய அவருக்கு அனுமதி கொடுத்தால் போதும்.

அடுத்து, தளத்தில் என்ன இருக்க வேண்டும் என்பதை வடிவமைப்பாளரைக் காட்டிலும் உங்கள் கடைத் தொலைபேசியே நன்றாகச் சொல்லும். மூன்றடி விளக்கு என்ன எடை வரும், கிலோ என்ன விலை, உச்சியில் அன்னப் பறவை வைத்ததா, தண்டைக் கழற்றிப் பெட்டியில் எடுத்துப் போகலாமா, பழைய பித்தளையை எடுத்துக்கொள்வீர்களா, முகூர்த்தத்துக்கு எத்தனை நாள் முன்னதாகச் சொல்ல வேண்டும் என்றுதான் அழைப்பவர்கள் கேட்கிறார்கள். இவற்றுக்கான பதில்களே உங்கள் தளத்தின் உடல். முகப்பில் தானாக நகரும் படங்களும், ‘எங்களைப் பற்றி’ என்று நான்கு பத்திப் புகழுரையும் இல்லாவிட்டால் ஒருவரும் தேடப்போவதில்லை.

விலையை மட்டும் யோசித்து எழுத வேண்டும். பித்தளை விலை ஏறி இறங்குவதால் ஒவ்வொரு விளக்குக்கும் ரூபாய்க் கணக்கைப் போட்டால் சில வாரங்களில் அது பொய்யாகிவிடும். உயரம், எடை, பாகங்கள் ஆகியவற்றை விளக்கு தோறும் நிலையாகக் குறித்துவிட்டு, அன்றைய கிலோ விலையை ஒரே ஓர் இடத்தில், தேதியுடன், நீங்களே கைபேசியிலிருந்து மாற்றும்படி அமைத்துத் தரச் சொல்லுங்கள். ஒவ்வொரு விளக்கின் பக்கத்திலும் வாட்ஸ்அப் பொத்தான் இருக்கட்டும். எந்த விளக்கின் பக்கத்திலிருந்து அழுத்துகிறார்களோ அதன் பெயர் செய்தியில் தானாக வந்து விழும்படி செய்வது எளிய வேலைதான்.

படங்களுக்கு நேரம் ஒதுக்குங்கள். துலக்கிய பித்தளையில் ஃபிளாஷ் வெளிச்சம் பட்டால் வெள்ளைத் திட்டுதான் தெரியும், வேலைப்பாடு மறைந்துபோகும். காலை நேரத்தில் நேர் வெயில் படாத வாசல் ஓரத்தில், வெளிர்நிறச் சுவரை ஒட்டி வைத்து, பக்கத்தில் ஓர் அளவுகோலையும் நிறுத்தி எடுங்கள். கைபேசிப் படம் ஒவ்வொன்றும் பல எம்பி இருக்கும் என்பதால், அதை 200 கேபி அளவுக்குச் சுருக்கி ஏற்றுவது வடிவமைப்பாளரின் பொறுப்பு. பக்கத்தின் முக்கியப் பகுதி இரண்டரை விநாடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கும் அளவுகோல்.

தமிழ் வாசகங்கள், எல்லாக் கருவிகளும் படிக்கக்கூடிய பொது எழுத்துக் குறியீடான யூனிகோடில் இருக்க வேண்டும். பழைய எழுத்துருவில் அடித்துப் படமாக ஒட்டினால் பார்வைக்கு அழகாக இருக்கலாம். ஆனால் தேடுபவர் கண்ணில் படாது. ஊர்ப் பெயரை நாச்சியார்கோயில், நாச்சியார்கோவில் என்று இரண்டு விதமாகவும் எழுதுகிறார்கள். திருநறையூர் என்று தேடுவோரும் உண்டு. மூன்றும் எங்காவது இயல்பாக இடம்பெறட்டும். ஊர்க் கோயிலில் கல் கருடனைத் தரிசித்துவிட்டு அப்படியே விளக்கு வாங்க வருபவர்கள் தளத்தைத் திறப்பதற்கு முன் கூகுள் மேப்பைத்தான் திறப்பார்கள். ஆகவே அதில் உங்கள் கடையைப் பதிவு செய்து, திறக்கும் நேரத்தையும் விடுமுறை நாளையும் சரியாகப் போடுங்கள். அது இலவசம், இன்றே செய்யலாம்.

60,000 ரூபாய்த் திட்டம் இப்போதைக்கு வேண்டாம் என்பது என் கருத்து. கனமான விளக்கைப் பாதுகாப்பாகக் கட்டிப் பார்சலில் அனுப்புவது, வளைந்து போய்ச் சேர்ந்தால் மாற்றித் தருவது ஆகியவற்றுக்கு ஏற்பாடு இல்லாமல் தளத்திலேயே பணம் வாங்கினால் சங்கடம்தான் மிஞ்சும். தவிரவும், ஆன்லைனில் விற்கத் தொடங்கினால் 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி குறைதீர்ப்பவரின் பெயரையும் தொடர்பு விவரங்களையும் தளத்தில் காட்ட வேண்டும். புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். வெளிமாநில விற்பனைக்கான ஜிஎஸ்டி விதிகளில் கைவினைப் பொருள்களுக்குச் சில சலுகைகள் இருப்பதால், அதை உங்கள் ஆடிட்டரிடம் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் ஆர்டர், யுபிஐயில் முன்பணம் என்று ஓராண்டு நடத்திப் பார்த்தால், வெளியூர் விற்பனை எவ்வளவு வருகிறது என்பது தெரிந்துவிடும்.

படம் எடுப்பதும் தமிழில் எழுதித் தருவதும் சேர்ந்ததென்றால் 35,000 ரூபாய் அதிகமில்லை. இல்லையென்றால் பேரம் பேசலாம். இரண்டாம் ஆண்டிலிருந்து பராமரிப்புக்கு என்ன கட்டணம் என்பதை இப்போதே எழுத்தில் வாங்குங்கள். தொகையில் மூன்றில் ஒரு பங்கை நிறுத்திவைத்து, உங்கள் வீட்டிலிருக்கும் விலை குறைந்த கைபேசியில் தளம் தடையின்றித் திறந்து, கிலோ விலையை நீங்களே ஒருமுறை மாற்றிப் பார்த்த பிறகு கொடுங்கள்.