சொந்தமா கட்டின விமானத்துல லேண்டிங் லைட்டை எல்இடிக்கு மாத்தலாமா?

தாராளமா மாத்துங்க. லேண்டிங் லைட்ல வர்ற பழைய 4509 மாடல் பல்பு 100 வாட், கிட்டத்தட்ட 8 ஆம்பியர் இழுக்கும், அதோட ஆயுளே 25 மணி நேரம்னுதான் போட்டிருப்பாங்க, எல்இடின்னா பெரும்பாலும் அதுல பாதி கரண்ட்கூட ஆகாது, அதனால பகல்லயும் எரியவிட்டே பறக்கலாம், மத்த பைலட்டுங்க கண்ணுல சீக்கிரம் படுவீங்க, எனக்கு இதுதான் பெரிய லாபமா தெரியுது.

ஆனா ரேடியோவைக் கவனிங்க. எல்இடிக்குப் போற கரண்டைக் கட்டுப்படுத்துற டிரைவர் சர்க்யூட் வேகமா ஸ்விட்ச் ஆகுறதால, விமான ரேடியோ பேசுற 118–137 மெகாஹெர்ட்ஸ்ல இரைச்சல் வரலாம். ஸ்குவெல்ச்சை (யாரும் பேசாதப்ப ரேடியோ இரைச்சலை அடக்குற கண்ட்ரோல்) முழுசா திறந்து வச்சுட்டு லைட்டைப் போட்டு அணைச்சுப் பாருங்க, ஹெட்செட்ல கேக்குற 'உஸ்' சத்தம் மாறுச்சுன்னா ஷீல்டு ஒயர் (மேல உலோக வலை சுத்தின ஒயர்) போட்டு கிரவுண்டையும் சரி பண்ணுங்க. அப்புறம் சூடு, அது லைட்டோட பின்பக்க ஹீட்சிங்க்லதான் (சூட்டை வெளியேத்துற உலோகப் பாகம்) தேங்கும், காத்து போக வழி விடுங்க, தரையில நின்னுக்கிட்டு ரொம்ப நேரம் எரியவிடாதீங்க.