கொழும்பு புறக்கோட்டை நடைபாதைக் கடைகள்: கேட்டதும் சொன்னதும்

கேள்வி (கொட்டாஞ்சேனை): அண்ணா, மெயின் வீதியில் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு றோட்டில் இறங்கித்தான் நடக்கிறோம். நடைபாதைக் கடைகளை ஏன் விட்டுவைக்கிறார்கள்?

பதில்: ஆத்திரம் நியாயம்தான் தங்கச்சி. ஆனால் அடுத்தமுறை கொஞ்சம் நின்று பாருங்கள். பின்னாலுள்ள பெரிய கடைக்காரரும் பிளாஸ்டிக் வாளியையும் உடுப்புக் கட்டையும் வெளியேதான் அடுக்கியிருப்பார். அதற்கு அப்பால் சாமான் இறக்கும் லொறி, அதையும் சுற்றிக்கொண்டு மூட்டை தூக்கும் நாட்டாமைமாரின் தள்ளுவண்டி. கடைகளை அகற்ற வரும் நாளில் தூக்கப்படுவது தட்டுக்கடை மட்டும்.

கேள்வி (மாணவன்): அகற்றினாலும் திரும்ப வருகிறார்களே?

பதில்: வராமல் என்ன செய்வார்கள், தம்பி? கோட்டை ரயில் நிலையத்துக்கும் பஸ் நிலையங்களுக்கும் நடுவில் ஓடும் சனம்தான் அவர்களுடைய முதல். குறுக்குத் தெரு மொத்தக் கடையில் காலையில் கடனுக்கு எடுத்து, பின்னேரம் காசு கொடுப்பவர்களும் உண்டு. அவர்களைக் கலைத்தால் மொத்த வியாபாரிக்கும் அடிதான்.

2014இல் பேர வாவியோரம், பெஸ்டியன் மாவத்தையில் மிதக்கும் சந்தை கட்டி, அகற்றிய வியாபாரிகளுக்குக் கடை கொடுத்தார்கள். அப்போது நகர அபிவிருத்தி அதிகார சபை பாதுகாப்பு அமைச்சின் கீழ் இருந்தது. நகரம் எப்படி இருக்கவேண்டும் என்று அவர்களுக்கு ஒரு தனிக் கணக்கு. பார்க்க வடிவாக இருந்தது, படம் எடுக்கலாம். ஆனால் ரயிலுக்குப் பத்து நிமிடம் இருக்கிறவர் பனியன் வாங்க அதற்குள் திரும்புவாரா? அதே 2014இல் இந்தியா தெரு வியாபாரிகளுக்கென்றே சட்டம் இயற்றி, நகர விற்பனைக் குழுக்களில் குறைந்தது 40 சதவீத இடத்தை அவர்களுக்கே ஒதுக்கியது. நடைமுறையில் ஆயிரம் ஓட்டை இருக்கலாம். இங்கே அந்தப் பேச்சே இல்லை.

கேள்வி: மெனிங் மரக்கறிச் சந்தை புறக்கோட்டையிலிருந்து பேலியகொடைக்குப் போனது நல்லதுதானே?

பதில்: மரக்கறி லொறிகள் புறக்கோட்டைக்குள் நுழையாதது நல்லது. கூடையில் விற்கும் அம்மாவோ மரக்கறி எடுக்க இப்போது களனி ஆற்றைத் தாண்டவேண்டும். அந்த ஆட்டோக் காசு போஞ்சி விலையில் ஏறும்.

கேள்வி: அப்படியென்றால் தீர்வு?

பதில்: ஞாயிற்றுக்கிழமை போய்ப் பாருங்கள். பெரிய கடைகள் பல பூட்டியிருக்க, அவற்றின் வாசலில் தெரு வியாபாரம் நடக்கும். யாருக்கும் இடைஞ்சல் இல்லை. ஒரே இடத்தை நேரம் பிரித்துப் பாவிக்கலாம். வார நாளில் ஒரு பக்க நடைபாதையை முழுக்க நடப்பவர்களுக்கு விட்டு, மறுபக்கம் கோடு கீறி இலக்கம் கொடுக்கலாம். அந்தக் கோடு பெரிய கடைக்காரரின் வாளிக்கும் சேர்த்துத்தான்.

கேள்வி (வெள்ளவத்தை): தீபாவளிக்கு அங்கே உடுப்பு மலிவா?

பதில்: மலிவுதான் அக்கா. தையலை இழுத்துப் பார்த்து வாங்குங்கள், கைப்பையை முன்னுக்குப் போடுங்கள்.