பழைய எம்எக்ஸ்-5 வாங்கலாமா, 718 பாக்ஸ்டரா?

வணக்கம் நண்பரே. லண்டனில் இருக்கிறீர்கள், காரின் பழுது வேலையை நீங்களே செய்ய ஆசை, கையில் உள்ள பணத்துக்கு 1991 மாஸ்டா எம்எக்ஸ்-5 அல்லது 2017 போர்ஷே 718 பாக்ஸ்டர், இந்தக் கூரை திறக்கும் இரண்டு கார்களில் எது என்று கேட்டிருக்கிறீர்கள். ஆசை உண்மையென்றால் மாஸ்டாதான்.

அதன் 1.6 லிட்டர் எஞ்சின் முன்னால் இருக்கிறது. பானெட்டைத் திறந்தால் எல்லாம் கண்ணுக்குத் தெரியும். வால்வுகளை இயக்கும் டைமிங் பெல்ட் அறுந்தாலும் வால்வுகள் பிஸ்டனில் மோதாது. வண்டி நிற்கும், எஞ்சின் பிழைக்கும். பாக்ஸ்டரில் டர்போ எஞ்சின் நடுவில் புதைந்து கிடக்கிறது, மூடியைத் திறந்தால் அது கண்ணுக்குத் தெரியாது. ஒரு சென்சார் தகராறு செய்தாலும் கோளாறைப் படிக்கும் ஸ்கேனர் கருவி இல்லாமல் வேலை நகராது. அந்தச் சிக்கலுக்குப் பலனும் உண்டு என்பது சரிதான்: ஈரச் சாலையில், வண்டி சறுக்காமல் தானாகக் கட்டுப்படுத்தும் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் காப்பாற்றும். பழைய மாஸ்டாவில் அது கிடையாது, அதனால் டயரில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்.

மாஸ்டாவின் உண்மையான எதிரி துரு. மடிப்புக் கூரையின் வடிகால் துளைகள் அடைத்துக்கொண்டால் தண்ணீர் உள்ளே தேங்கி, பின்சக்கரத்துக்கு முன்னால், கதவுக்குக் கீழே ஓடும் 'சில்' என்ற உடற்பகுதி உள்ளிருந்தே அரித்துவிடும். மேலே புதுப் பெயின்ட் பளபளத்தால் அங்கே விரலால் அழுத்திப் பாருங்கள். வண்டி எண்ணைப் போட்டு எம்ஓடி (பிரிட்டனின் ஆண்டு வாகனச் சோதனை) வரலாற்றை இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். முந்தைய ஆண்டுகளில் துரு பற்றிய குறிப்பு இருந்தால், வெல்டிங் செய்த படங்களைக் கேளுங்கள். படங்கள் இல்லை என்றால் வேறு வண்டி பாருங்கள்.

அப்புறம், தினமும் வேலைக்கு ஓட்டப் போகிறீர்களா? அப்படியென்றால் 2015-க்குப் பிந்தைய எம்எக்ஸ்-5-ஐயும் பாருங்கள். டர்போ இல்லை, எடையும் ஏறக்குறைய 1000 கிலோதான்.