சாரலில் நமுத்த பெல்லட், ஆடிக்காற்றில் திரும்பும் புகை: வாசகர் கேள்வி – பதில்

பெல்லட் (மரத்தூளையோ வேளாண் கழிவையோ அழுத்திச் செய்த சிறு எரிபொருள் துண்டு) எரிக்கும் சிறு நீராவிப் பாய்லர் வைத்து இட்லி, சோறு, சாம்பார் ஆக்கும் சமையற்கூடங்களிலிருந்து வந்த கேள்விகளுக்கு இந்த மாதம் பதில்.

கேள்வி: சித்திரை, வைகாசியில் ஒழுங்காக ஓடிய பாய்லர், சாரல் தொடங்கியதும் அடிக்கடி அணைகிறது. பெல்லட்டைத் தள்ளும் திருகு சிக்கிக்கொண்டு மோட்டார் உறுமுகிறது. மோட்டாரை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றிவிடலாமா?
– மெஸ் உரிமையாளர், குற்றாலம்

பதில்: மோட்டாருக்குக் காசு போடும் முன் மூட்டையைப் பிரித்துப் பாருங்கள். நல்ல பெல்லட் பளபளப்பாக இருக்கும், ஒடித்தால் 'டக்'கென்று முறியும். நமுத்தது உப்பி, குறுக்கே வெடிப்பு விட்டு, விரலில் நசுக்கினாலே மாவாகும். அந்த மாவுதான் திருகின் குழாய்க்குள் அடைத்துக் கெட்டியாகிறது.

ஈரத்தை அளக்கவும் வழியுண்டு. 100 கிராம் பெல்லட்டை 105 டிகிரியில் பேக்கரி ஓவனில், எடை குறைவது நிற்கும்வரை வையுங்கள். எத்தனை கிராம் குறைந்ததோ அத்தனை சதவீதம் ஈரம். 10க்குள் இருந்தால் நல்லது. 12ஐத் தாண்டிய சரக்கைத் திருப்பி அனுப்பிவிடலாம்.

சிக்கலை எடுக்க, முதலில் மெயின் சுவிட்சை அணையுங்கள். பெல்லட் எரியும் தீக்கிண்ணம் முழுக்க ஆறட்டும். பெல்லட் கொட்டிவைக்கும் தொட்டியான ஹாப்பரைக் காலிசெய்து, மோட்டாரைக் கழற்றி, திருகைக் கையால் எதிர்ப்பக்கம் சுற்றி வெளியே உருவுங்கள். குழாயின் உட்புறத்தைச் சுரண்டித் துடையுங்கள். சுவிட்ச் போட்டிருக்கும்போது கம்பியோ கையோ உள்ளே போகக் கூடாது. சுத்தம் செய்த பிறகு, திருகு இல்லாமல் மோட்டாரை மட்டும் ஓட்டிப் பாருங்கள். அப்போதும் உறுமிக்கொண்டு சுற்றாமல் நின்றால், முதலில் மோட்டாரைக் கிளப்பிவிடும் கெப்பாசிட்டரைச் சந்தேகப்படுங்கள். அதன் விலை மோட்டார் விலையில் ஒரு துளி.

மூட்டைகளைத் தரையிலும் சுவரோரத்திலும் அடுக்காதீர்கள். மரப்பலகை மேல், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். ஹாப்பரில் அன்றைக்குத் தேவையானதை மட்டும் கொட்டுங்கள். கொட்டும் முன் 3 மில்லிமீட்டர் கண் உள்ள சல்லடையில் சலித்தால் தூள் நீங்கிவிடும். ஈரத்துக்குப் பயந்து அறையை இறுக மூடிவைப்பதும் தப்பு. குவித்துவைத்த மரத்தூள் பெல்லட் கார்பன் மோனாக்ஸைடு விடும், அதற்கு வாசனை கிடையாது. மழை அடிக்காத பக்கம் ஒரு சன்னல் திறந்தே இருக்கட்டும்.

சரக்கு மாறும்போதெல்லாம் திருகு தள்ளும் அளவும் மாறும். குளிர்ந்த பாய்லரில் திருகை மட்டும் 6 நிமிடம் ஓட்டி, விழுந்ததை எடைபோட்டுப் பத்தால் பெருக்கினால் ஒரு மணி நேரக் கணக்கு வரும். அதன்பின் தீயைப் பார்த்துக் காற்றைச் சரிசெய்யுங்கள். சுவாலை சோம்பலாக, நுனி கறுத்து எழுந்தால் காற்று போதவில்லை. குட்டையாக வெளுத்து, எரியாத பெல்லட் வெளியே தெறித்தால் காற்று அதிகம்.

கேள்வி: தீக்கிண்ணத்தில் கண்ணாடி உருகினதுபோல் கட்டி பிடிக்கிறது. தட்டினாலும் வருவதில்லை.
– அம்பாசமுத்திரம் வாசகர்

பதில்: உருகிய சாம்பல்தான் அப்படி இறுகுகிறது. கடலைத்தோடு, வைக்கோல் போன்ற வேளாண் கழிவுகளின் சாம்பலில் பொட்டாசியம் அதிகம். களத்து மணலும் சேர்ந்தால் குறைந்த சூட்டிலேயே இளகி ஒட்டும். விற்பவரிடம் சாம்பல் சதவீதம் எழுதிய ஆய்வறிக்கையைக் கேளுங்கள். 8 சதவீதம் என்றால் 100 கிலோவுக்கு 8 கிலோ சாம்பல். சுத்தமான மரத்தூள் பெல்லட்டில் அது 1 கிலோ அளவில்தான் நிற்கும். மலிவு விலையில் வாங்கிவிட்டு மணிக்கொருதரம் கட்டி உடைப்பது லாபமில்லை. கையிருப்பைத் தீர்க்க மரத்தூள் பெல்லட்டோடு பாதிக்குப் பாதி கலந்து, திருகின் வேகத்தைக் கொஞ்சம் குறையுங்கள். கிண்ணத்துக் காற்றுத் துளைகளைத் தினமும் கம்பியால் குத்திவிடுங்கள். துளை அடைந்தால் சூடு ஓரிடத்தில் குவிந்து கட்டி இன்னும் பெருகும். அள்ளிய சாம்பலை மூடியுள்ள இரும்பு வாளியில் போட்டு, ஓலைக்கூரைப் பக்கம் கொண்டுபோகாமல் வையுங்கள். மறுநாளும் உள்ளே கங்கு இருக்கும்.

கேள்வி: ஆடிக்காற்று வீசினால் புகை சமையலறைக்குள்ளேயே திரும்புகிறது. கரண்ட் போனால் கேட்கவே வேண்டாம்.
– பணகுடி வாசகி

பதில்: ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகக் காற்று வரும் ஊர் உங்களுடையது. மேற்குச் சுவரைத் துளைத்துப் படுக்கையாகப் புகைக்குழாய் விட்டிருந்தால் காற்று அதை ஊதிக்கொண்டே இருக்கும். குழாயைச் செங்குத்தாக ஏற்றி, கூரை முகட்டுக்கு மேல் 1 மீட்டராவது உயர்த்தி, உச்சியில் 'எச்' வடிவ மூடி போடுங்கள். அடியில் சாம்பல் எடுக்க 'டீ' துண்டும் அதற்கு மூடியும் வேண்டும். எக்ஸாஸ்ட் ஃபேனை நிறுத்திப் பாருங்கள்: புகை அடங்கினால் ஃபேன்தான் அதை உள்ளே இழுக்கிறது, வெளிக்காற்று வர வேறு வழி விடவேண்டும்.

கரண்ட் போனால் ஊதுவிசிறி நிற்கும், கிண்ணத்துப் பெல்லட் புகைந்துகொண்டே இருக்கும். ஹாப்பர் மூடி இறுக்கமாக இல்லையென்றால் தீ திருகு வழியாகவே மேலேறும். ஆறிய பாய்லரில் காகிதத் துண்டை மூடியிலும் சாம்பல் கதவிலும் இடுக்கி இழுங்கள். லேசாக உருவி வந்தால் இடுக்கை அடைக்கும் கேஸ்கெட் கயிற்றை மாற்றும் நேரம். விசிறிக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கும் மட்டும் ஓர் இன்வெர்ட்டர் வைப்பது வீண்செலவல்ல.

கேள்வி: போர் தண்ணீர்தான். நீராவி வர முன்னைவிட நேரமாகிறது. பாய்லருக்குள் மருந்து ஊற்றலாமா?
– திருமண மண்டபச் சமையல் பொறுப்பாளர், ராதாபுரம்

பதில்: நீராவி நேராக இட்லியில் படுகிறது. ஆகவே உணவுக்கு ஏற்றதென்று சான்று இல்லாத எந்த மருந்தும் வேண்டாம். உள்ளே படிந்திருப்பது கடினத் தண்ணீரின் சுண்ணாம்பு உப்பு. 1 மில்லிமீட்டர் படிந்தாலே எரிபொருள் 5 முதல் 8 சதவீதம் கூடுதலாகச் செலவாகும். தாமிரபரணித் தண்ணீர் குழாயில் வந்தால் அதையே பாய்லருக்கு ஒதுக்குங்கள். இல்லையென்றால் தண்ணீரை மென்மையாக்கும் சாஃப்ட்னர் வைத்து, அதைப் புதுப்பிக்கக் கல்லுப்புக் கரைசல் விடுவதைத் தவறவிடாதீர்கள். சாஃப்ட்னர் கடினத்தன்மையைத்தான் நீக்கும், கரைந்த மற்ற உப்பு அப்படியே இருக்கும். அதனால் தினமும் அழுத்தம் குறைந்த நேரத்தில் அடிவால்வைச் சில வினாடி திறந்து அடிநீரை விட்டாக வேண்டும். உங்கள் கண், பாய்லரின் நீர்மட்டம் காட்டும் கண்ணாடியிலேயே இருக்கட்டும். எப்போதாவது அதில் தண்ணீரே தெரியாவிட்டால் பச்சைத் தண்ணீர் விடாதீர்கள். காய்ந்த இரும்பில் பட்டால் வெடிக்கும். திருகை நிறுத்தி, முழுக்க ஆறவிட்டுப் பிறகு காரணத்தைத் தேடுங்கள்.

கேள்வி: பாய்லருக்குப் பதிவு தேவையா? ஒரு கேஸ் சிலிண்டருக்கு ஈடாக எத்தனை கிலோ பெல்லட்?
– பேட்டை வாசகர்

பதில்: 25 லிட்டருக்குக் குறைந்த கொள்ளளவு, அல்லது சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோவுக்குக் குறைந்த அழுத்தம் என்றால் கொதிகலன் சட்டத்துக்குள் வராது. மற்றவற்றுக்குப் பதிவும் ஆய்வும் கட்டாயம். 2025இல் வந்த புதிய சட்டத்திலும் இதே வரம்புதான். 19 கிலோ சிலிண்டரின் வெப்பத்துக்கு, கிலோவுக்கு 3,600 கிலோகலோரி தரும் பெல்லட் சுமார் 60 கிலோ வேண்டும். பாய்லரிலும் குழாயிலும் போகும் சேதாரத்துக்கு இன்னும் 10, 15 கிலோ சேர்த்துக்கொள்ளுங்கள்.