இலக்கிய வகுப்பில் பிள்ளைகள் உண்மையாகவே கற்றார்களா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

யாழ்ப்பாணத்தில் பத்தாம், பதினோராம் வகுப்புகளுக்குத் தமிழ் இலக்கிய நயம் படிப்பிக்கிறேன். புள்ளியை மட்டும் நம்பக்கூடாது என்பது வெட்கப்பட்டுத்தான் எனக்கு விளங்கியது.

ஒரு தவணைப் பரீட்சையில் குறுந்தொகையின் 40ஆவது பாட்டைக் கொடுத்திருந்தேன். என் தாயும் உன் தாயும் என்ன உறவு என்று தொடங்கி, செம்மண்ணில் பெய்த மழைநீர் போல நெஞ்சங்கள் கலந்தன என்று முடிகிற பாட்டு. அந்த உவமையாலேயே புலவருக்குச் செம்புலப்பெயனீரார் என்று பெயர். உவமையின் நயத்தை விளக்கச் சொன்னேன். 38 விடைத்தாள்களில் பாதிக்கு மேல் ஒரே வசனம்: 'புலவரின் கற்பனைத் திறன் வியந்து போற்றத்தக்கது.' எல்லாம் ஏதோ ஒரு ரியூசன் கொப்பியின் உபயம். அந்தக் கொப்பியில் உவமானமும் உவமேயமும் இடம் மாறிக் கிடந்திருக்க வேண்டும். ஏழு பேர் அந்தப் பிழையையும் பத்திரமாக இறக்கி வைத்திருந்தார்கள். ஆனாலும் பலருக்கு 75க்கு மேல், அதாவது ஏ.

அதே கட்டில் வடமராட்சி கிழக்குப் பிள்ளை ஒருத்தி எழுதியிருந்தாள்: 'எங்கள் ஊர் மணலில் மழை பெய்தால் தண்ணீர் கீழே போய்விடும், நிறம் மாறாது. புலவர் எங்கள் ஊர்க்காரர் என்றால் இந்த உவமை வந்திராது.' விடயத்துக்கு வரவும் என்று சிவப்பில் எழுதி, பத்துக்கு நாலு போட்டேன். இத்தனைக்கும் நான் கோண்டாவில்காரன். மாரியில் செருப்பில் ஒட்டுகிற செம்மண்ணைத் தட்டிவிட்டுத்தான் வகுப்புக்குள் போகிறேன். பிறகு அதே தாளைப் பக்கத்து மேசை ரீச்சரிடம் புள்ளியை மறைத்துக் கொடுத்தேன். ஒன்பது போட்டார்.

இப்போது செய்வது இது. பாட்டில் ஒரு சொல்லை மாற்றிவிட்டு, என்ன கெட்டுப்போனது என்று கேட்பேன். செம்புலத்தை எடுத்துவிட்டு வெண்மணல் என்று போட்டால்? மழைக்குப் பதில் கிணற்று நீர் என்றால்? இதற்கு விடை எந்தக் கொப்பியிலும் கிடையாது. யோசித்தவன் திக்கித் திக்கியாவது ஏதாவது சொல்வான். பாடமாக்கியவன் மறுபடியும் கற்பனைத் திறனை வியக்கத் தொடங்குவான்.

வாசிக்கவும் வைப்பேன். எங்கள் கோயில்களில் புராண படிப்பு நடக்கும்போது ஒருவர் பாட்டை வாசிக்க, மற்றவர் பயன், அதாவது பொருள், சொல்வார். வாசிப்பவர் சொல்லைப் பிழையாகப் பிரித்தால் சுற்றி இருக்கிற கிழவர்களின் முகமே காட்டிக்கொடுக்கும். அதே சூத்திரம்தான். 'பெயனீர்' என்பதைப் பெயல், நீர் என்று பிரிக்காமல், பன்னீர் மாதிரி இது ஒரு நீராக்கும் என்று ஒருவன் வாசித்துக்கொண்டு போனான். அவனுடைய விடைத்தாளில் பொழிப்பு அச்சொட்டாகச் சரி!

முதல் நாள் வாசித்ததும் தோன்றுவதை ஐந்து வரி எழுதச் சொல்லி வாங்கி வைப்பேன். பாடம் முடிந்ததும் இன்னொரு ஐந்து வரி. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் யார் எவ்வளவு நகர்ந்தார்கள் என்பது தெரியும். இதற்குப் புள்ளி போடுவதில்லை. போட்டால் முதல் ஐந்து வரியையும் ரியூசனில் கேட்டு எழுதி வருவார்கள்.

நேரம்தான் சிக்கல். 40 நிமிடப் பாடவேளையில் ஐந்து பேரிடம் கேட்கலாம், 38 பேரும் முடிய மூன்று கிழமை போகும். சாதாரண தரப் பரீட்சைக்குக் கடந்தகால வினாத்தாள்களும் செய்தாக வேண்டும், அதை விட்டுவிட முடியாது. பாடசாலை மட்டக் கணிப்பீட்டுக்குக் கேட்கிற புள்ளிகளில் இந்த வாய்மொழிப் பகுதியையும் சேர்த்துக்கொள்கிறேன்.

அப்புறம், என் தவணைப் பரீட்சைப் புள்ளித் திட்டத்தின் அடியில் இப்போது ஒரு வரி கூடுதலாக இருக்கிறது: இங்கே இல்லாத கருத்தானாலும் பாட்டிலிருந்து ஆதாரம் காட்டினால் முழுப்புள்ளி. ஏன் அந்தப் பிள்ளைக்குக் கூடுதல் புள்ளி என்று பெற்றோர் வந்து கேட்டால் அந்த வரியைக் காட்டுவேன்.