வயலிலிருந்து வந்ததும் வாய்க்கால் தண்ணீரில் கை அலசினால் போதாதா?

போதாது. சேறு போய்விடும், கிருமி நகக்கண்ணில் தங்கும். வாய்க்கால் தண்ணீரில் எலி மூத்திரம் கலந்திருக்கலாம். எலிக்காய்ச்சல் கீறல் வழியாகவே உடம்புக்குள் ஏறிவிடும்.

அடிபம்புத் தண்ணீரில் முதலில் சேற்றை அலசுங்கள். பிறகு சோப்புப் போட்டு 20 விநாடி தேய்க்க வேண்டும்: உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு, மணிக்கட்டு. பலரும் விட்டுவிடுவது கட்டைவிரலையும் விரல்நுனியையும்தான். நாற்றுப் பறித்த கையில் அழுக்கு அடைவதும் அங்கேதான்! நுனிகளை மறு உள்ளங்கையில் சுரண்டித் தேயுங்கள்.

வேதாரண்யம் பக்கம் போல உப்புத் தண்ணீர் என்றால் நுரை குறையும். சோப்பைக் கூடுதலாகப் போட்டு, இன்னும் கொஞ்ச நேரம் தேயுங்கள். சேற்றுக் கையில் சானிடைசர் சரியாக வேலை செய்யாது. சொம்பிலிருந்து இன்னொருவர் ஊற்றினால் நல்லது. கழுவிய கையை வயலுக்குக் கட்டிப்போன முந்தானையிலோ வேட்டியிலோ துடைக்காதீர்கள், தனித் துண்டு வையுங்கள்.