கடலோர வீட்டில் ஓவியப் பிரின்டைச் சட்டம் போட்டு மாட்டுவது எப்படி?

கொழும்பின் கடலோரப் பகுதியான வெள்ளவத்தையில், தொடர்மாடி வீட்டில் மாட்டிய பிரின்ட், மழைக்காலம் முடிவதற்குள் கண்ணாடியோடு ஒட்டிப் பழுப்புப் புள்ளி விழுந்துவிட்டது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஈரம்தான் காரணம். கொழும்பில் காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 70 சதவீதத்துக்கு மேல். காகிதம் அதைக் குடித்து உப்பும். கண்ணாடியைத் தொட்டபடி இருந்தால் மை ஒட்டிக்கொள்ளும், பூஞ்சணமும் பிடிக்கும். ஆகவே இரண்டுக்கும் நடுவே மவுண்ட் அட்டை, அதாவது படம் தெரிய நடுவில் வெட்டிய தடித்த அட்டை, கட்டாயம் வேண்டும். அதுவும் அமிலமில்லாத அட்டை என்று சட்டம் போடுபவரிடம் சொல்லிக் கேளுங்கள். சாதாரண அட்டை சில வருடங்களில் தானும் பழுத்துப் படத்தையும் பழுக்கவைக்கும். சட்டத்தின் பின்பக்கம் அடைக்கும் ஹார்ட்போர்டும் அப்படித்தான், அது படத்தின் முதுகை நேரே தொடக்கூடாது.

பிரின்டை முழுதாகப் பசை தடவி ஒட்ட மட்டும் விடாதீர்கள், பிறகு கழற்றவே முடியாது. மேல் விளிம்பில் படத்தைப் பின் அட்டையோடு பிடித்திருக்கும் இரண்டு சிறிய காகிதத் துண்டுகள் (கீல்கள்), கோதுமை மாச்சத்துப் பசை, அவ்வளவுதான். மீதி சும்மா தொங்கட்டும். காகிதத்துக்கு விரியவும் சுருங்கவும் இடம் வேண்டும். கொழும்பில் நடக்கும் கலா பொல ஓவியச் சந்தையில் ஓவியரிடமே வாங்கிய படமென்றால் இன்னும் கவனம்.

சட்டத்தின் பின்பக்கக் கீழ் மூலைகளில் கார்க் துண்டு ஒட்டினால் சுவருக்கும் சட்டத்துக்கும் இடையே காற்றோடும். உப்புக்காற்றுக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கொக்கிதான் தாங்கும். பின்னேர வெயில் படும் சுவரும் குளியலறைச் சுவரும் வேண்டாம். படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 145 முதல் 150 சென்ரிமீற்றர் உயரத்தில் இருந்தால் நின்று பார்க்கக் கண்ணுக்கு நேராக இருக்கும்.